தீராத நோயும் தீராத பணிவிடையும்

நோயாளிக்குப் பணிவிடை செய்வது தர்மம் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நோய் தீரும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை அதைச் செய்வதும் எளிதாக இருக்கிறது. "இது தீராது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்" என்று மருத்துவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது? பலன் இல்லாத இடத்தில் செய்யும் பணிவிடைக்கு என்ன பொருள்? இதைக் கொஞ்சம் சிந்திப்போம்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு வீட்டை மனத்தில் எண்ணிப் பாருங்கள். கணவனும் மனைவியும் காபித் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். முப்பது வருஷமாக விறகு அடுப்பு. மலைக்குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தவள் மனைவி. பீடி, சிகரெட்டைக் கையால் தொடாதவள். ஐம்பதைத் தாண்டியதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. கடைசியில் "நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்" என்கிறார்கள். மருந்து மூச்சை இலேசாக்கும். கெட்டுப்போன நுரையீரலைப் பழையபடி ஆக்காது.

இந்த வீடு நாம் எண்ணிக்கொண்டது. ஆனால் அந்தப் புகை உண்மை. புகைபிடிக்காத பெண்களுக்கு இந்த நோய் வர அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம் என்பதை மருத்துவ உலகம் அறியும். 2016-ல் உஜ்வலா திட்டத்தில் ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு வந்தது. ஆனாலும் சிலிண்டர் வாங்கக் காசு இல்லாத மாதத்தில், காட்டில் சும்மா கிடைக்கும் விறகைத்தான் கை தேடுகிறது.

இப்போது அந்தக் கணவனின் இடத்தில் நின்று பாருங்கள். அவன் முப்பது வருஷம் சாப்பிட்ட ஒவ்வொரு சோற்றிலும் அவளுடைய மூச்சு கொஞ்சம் போயிருக்கிறது. அவன் தெரிந்து செய்த தவறு அல்ல, யாருக்கும் தெரியாது. ஆனால் கடன் கடன்தான். ஆகவே அவன் இன்று அடுப்படிக்குப் போய்க் கஞ்சி வைத்தால், அதை இரக்கம் என்றோ தியாகம் என்றோ சொல்ல வேண்டியதில்லை. பட்ட கடனைத் திருப்புகிறான். "ஆம்பளை அடுப்படிக்குப் போகலாமா" என்று கேட்பவர்கள், இத்தனை நாள் அந்தப் புகையில் நின்றது யார் என்றும் கேட்டுக்கொள்ளட்டும். "போன பிறவியில் செய்த பாவம்" என்று அவளைப் பார்த்துச் சொல்வோரும் உண்டு. நோயாளியின் தலையில் பழியையும் ஏற்றுவது தர்மம் ஆகாது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கச் சொன்ன அய்யாவின் பிள்ளைகள் நாம்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். 1833-ஆம் வருஷம் மாசி மாதம், இருபத்துநான்கு வயதில் கடும் நோயோடு கிடந்த அய்யாவைத் தாயாரும் உற்றாரும் திருச்செந்தூருக்குச் சுமந்துகொண்டு போனதை ஏடு வாசிப்பில் கேட்டிருக்கிறோம். கடலிலே நடக்கப்போவது நமக்குத் தெரியும். சுமந்தவர்களுக்குத் தெரியாது. வழியிலேயே உயிர் போய்விடுமோ என்ற பயத்தோடுதான் ஒவ்வோர் அடியும் வைத்திருப்பார்கள். அவர்கள் குணமாக்கியவர்கள் அல்லர், சுமந்தவர்கள். சுமந்தது வீண் என்று நம்மில் யாராவது சொல்வோமா? குணமாக்குவது மனிதன் கையில் இல்லை. சுமப்பது அவன் கையில் இருக்கிறது. நம் கையில் உள்ளதைச் செய்வதுதான் தர்மம். பலனை வைத்துத் தர்மத்தை அளந்தால், மிக அதிகம் துன்பப்படுகிறவருக்குத்தான் மிகக் குறைவாகச் செய்வோம்.

ஆனால் சுமப்பது என்றால், அவளைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போவது அல்ல. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் இங்கே ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரலுக்கு இது ஒன்றுமில்லை. கெட்ட நுரையீரலுக்குப் பெரிய விஷயம். கீழே சேலத்துக்கு இறங்கிவிட்டால் காற்று அடர்த்தி, அரசு மருத்துவமனையும் பக்கம். ஆனால் அங்கே வெயிலும் தூசியும் வாகனப் புகையும். மேலே அவள் பிறந்த மண், சொந்தம், பேச்சுத்துணை. எது சரி? விரலில் மாட்டும் சிறு கருவியால் இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். அதற்குமேல் முடிவு சொல்ல வேண்டியவள் அவள். அதற்கு அவளுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். "ஒண்ணுமில்ல புள்ள, சரியாப் போயிடும்" என்று மறைத்தால், அவளுடைய மிச்ச நாள்களை அவளைக் கேட்காமலே நாம் செலவு செய்கிறோம். அவள் கேட்கும் அளவுக்குச் சொல்வோம். கேட்டதற்குப் பொய் சொல்லாமல் இருப்போம்.

மருந்து எடுத்தால் நம்பிக்கை குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். மண்ணையும் தண்ணீரையும் நம்பிக்கையோடு ஏற்கிற நாம், காற்றை ஏன் மறுக்க வேண்டும்? இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்தவர்கள் நாளுக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் அதை ஏற்றால் ஆயுள் கூடுகிறது என்பதை 1980, 81-ஆம் வருஷங்களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த ஆய்வுகள் காட்டின. எல்லா நோயாளிக்கும் அது தேவையில்லை. மருத்துவர் சொன்னால், சொன்ன அளவில் மட்டும். அப்படி வீட்டில் பிராணவாயு ஓடினால் விளக்கும் அடுப்பும் அந்த அறையில் இருக்கக் கூடாது. தீ சட்டென்று பற்றும். விளக்கை வேறு அறையில் ஏற்றினாலும் அது அய்யாவுக்கு ஏற்றிய விளக்குதான்.

பணிவிடை செய்கிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இராத்திரி மூன்று மணிக்கு அவள் இருமல் கேட்டு எழும்போது, "எப்போதுதான் முடியுமோ" என்று ஒரு நினைப்பு வரும். வந்ததும் தன்னையே பாவி என்று நொந்துகொள்வான். அந்த நினைப்பு களைப்பின் குரல்; அன்பு செத்துவிட்டதற்கு அடையாளம் அல்ல. களைத்தவனுக்கு வேண்டியது தூக்கமும் துணையும். "நீங்க கொஞ்சம் படுங்க, நான் கூப்பிடுறேன்" என்று அவள் சொன்னால் படுத்துக்கொள்ள வேண்டும். கொடுப்பதற்கு அவளிடமும் ஏதோ இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்வதும் பணிவிடைதான். உட்கார்ந்தபடி வெங்காயம் உரிப்பேன் என்றால் உரிக்கட்டும். முடிந்த அளவு நடக்கட்டும். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் நோய்க்கு முன்பே நாம் அவளை முடக்கிவிடுவோம்.

இந்தச் சுமையை ஒருவன் தோளில் விடக் கூடாது. திருச்செந்தூருக்குச் சுமந்ததும் ஒருவர் அல்ல. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்து கொடுக்கலாம். தாங்கலில் கூடும் நாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை அந்த வீட்டில் போய் உட்கார்ந்தால், அவன் சந்தைக்குப் போய் வருவான். ஒரு சிலிண்டருக்குச் சேர்ந்து காசு போட்டால், அடுத்த வீட்டுப் பெண் புகையிலிருந்து தப்புவாள். அன்னதர்மத்தில் நாம் இடும் சோறு யாருடைய மூச்சில் வெந்தது என்று பார்ப்பதும் நம் கடமை.

நோய் தீராமல் இருக்கலாம். நாம் கைவிடாமல் இருக்கலாம். முதலாவது நம் கையில் இல்லை, இரண்டாவது இருக்கிறது.

அய்யா உண்டு.