கேட்டால்தானே சொல்ல வேண்டும்?

சகோதரிகளே, தர்மசங்கடமான ஒரு கேள்வி. அவசரப்பட்டு பதில் சொல்லிவிடாதீர்கள்!

உங்கள் மகளுக்கு விமானப்படையில் பைலட் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். (நடக்காத கனவு என்று தள்ளிவிட முடியாது. 2016-ல் நம் நாட்டிலேயே மூன்று பெண்கள் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றார்கள்.) எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். நேர்முகத்திலும் தேறிவிட்டாள். பயிற்சியில் சேர நாளும் குறித்தாயிற்று. இந்த நேரம் பார்த்து, பாஸ்கெட்பால் ஆடும்போது கால் பிசகி, முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துபோனது. ஆபரேஷன் ஆயிற்று. மூன்று மாதம் ஓடிவிட்டது. இப்போது நொண்டாமல் நடக்கிறாள், மாடிப்படி ஏறுகிறாள். சுடிதார் போட்டால் தழும்பு வெளியே தெரியாது.

அடுத்த வாரம் படையின் மருத்துவப் பரிசோதனை. ராத்திரி நீங்கள் அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்கிறாள். ‘அம்மா, இப்ப எனக்கு வலியே இல்லம்மா. ஆபரேஷன் பண்ணிக்கிட்டதை அவங்ககிட்ட சொல்லணுமா?’

என்ன சொல்வீர்கள்?

நம்மில் பலர் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். ‘அவங்க கேட்டா சொல்லு. கேக்காத விஷயத்தை நீயா ஏன் போய்ச் சொல்றே?’ பெண்ணுக்கு வரன் பார்க்கும்போதும், மாமியார் வீட்டிலும் நாம் பழகி வைத்திருக்கும் பதில்தான் இது. பொய் சொல்லவில்லையே, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதானே! அதோடு விடுகிறோமா? மறுநாள் காலையில் தெருமுனைப் பிள்ளையாரிடம் போய், ‘அந்த டாக்டர் கண்ணில் தழும்பு படாமல் பார்த்துக்கோப்பா, 108 தேங்காய் உடைக்கிறேன்’ என்று வேண்டிக்கொள்வோம். நம்முடைய மறைத்தலுக்கு விக்னேஸ்வரனையும் கூட்டுச் சேர்க்கிறோம். அவர் பாவம்!

சிரிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு தாயின் தவிப்பு இதில் இருக்கிறது. சேரும் நாள் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடலாம். மகளின் இத்தனை வருட உழைப்பும் வீணாகிவிடலாம். அதனால் இந்தக் கேள்வியை ‘பொய் சொல்வது பாவம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. முதலில் அந்த முட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நம் பேச்சில் ஜவ்வு என்கிறோமே, அது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் குறுக்காகப் பிடித்து வைத்திருக்கும் நார். இது முழுக்க அறுந்துவிட்டால் பெரும்பாலும் தைத்துச் சரிசெய்வதில்லை. அவள் உடம்பிலிருந்தே, தொடையின் பின்புறத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ வேறொரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். பொருத்திய நாளில் அந்த நாருக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதிலிருக்கும் பழைய செல்கள் மடிய வேண்டும். புதிய ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைய வேண்டும். அப்புறம்தான் அது மெல்ல மெல்ல ஜவ்வாக மாறும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆபரேஷன் முடிந்த இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் வீக்கம் வற்றி, வலியும் ஏறக்குறைய போய்விடுகிறது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் புது நார் தன் பலத்தில் மிகவும் தாழ்ந்த நிலையில் இருக்கிறது. பொருத்திய அன்றைக்கு இருந்ததைவிடவும் பலவீனம்! விளையாட்டு வீரர்களையே ஒன்பது மாதத்துக்கு முன்னால் மைதானத்தில் இறக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் தடுப்பது இதனால்தான். அவசரப்பட்டு இறங்கியவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து அதிகம்.

ஆக, உங்கள் மகள் ‘வலியே இல்லம்மா’ என்று சொன்னது பொய்யில்லை. மனதறிந்த உண்மை. ஆனால் அந்த உண்மையைச் சொல்லும் அவளை அவள் உடம்பே ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. நம் மனசாட்சி சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். இந்த இடத்தில் மனசாட்சிக்கே விஷயம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால், தெரிந்த ஒருவர் கையில் முட்டியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

‘உட்கார்ந்துகொண்டு ஓட்டுகிற வண்டிதானே, முட்டி எதற்கு?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் விமானத்தின் வால் பக்கச் சுக்கானைத் திருப்புவது பைலட்டின் இரண்டு பாதங்கள். தரையிறங்கியதும் பிரேக் பிடிப்பதும் பாதங்கள்தான். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள் உள்ள விமானத்தில் ஒன்று நின்றுபோனால், மூக்கு அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மறுபக்கத்துப் பெடலை ஒரே காலால் அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

போர் விமானம் சட்டென்று வளையும்போது இன்னொரு சங்கடம். உடம்பின் ரத்தமெல்லாம் காலை நோக்கி இறங்கும். கண் இருட்டி மயக்கமே வந்துவிடும். அது நேராமலிருக்க பைலட் தன் தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கி, ரத்தத்தை மேலே நிறுத்திக்கொள்ள வேண்டும். முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு முதலில் மெலிந்துபோவது எது தெரியுமா? அதே தொடைத் தசைதான். ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு பாராசூட்டில் இறங்க நேர்ந்தால், தரையில் மோதும் அதிர்ச்சியை வாங்குவதும் கால்களே.

அதனால்தான் அமெரிக்கப் படைகளில் இதற்கென்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த ஜவ்வு ஆபரேஷன் நடந்து 12 மாதம் ஆகவில்லையென்றால் சேர்க்கை இல்லை. அதற்குப் பிறகும் முட்டி ஆடினாலோ, தொடை மெலிந்திருந்தாலோ இல்லை. விலக்கு வேண்டுமானால் விஷயத்தைச் சொல்லி மனுப் போடலாம். பறக்கலாமா கூடாதா என்று பார்ப்பதற்கென்றே அங்கே தனி மருத்துவர்கள் உண்டு. இவர்களிடம் வியாதியை மறைப்பது பைலட்டுகளிடையே பழைய பழக்கம். ‘டாக்டரிடம் போனால் தரையில் உட்கார வைத்துவிடுவார்’ என்ற பயம். நம் வீட்டில், ‘சொன்னா டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க’ என்று நெஞ்சு வலியை முழுங்கிக்கொண்டு சமைக்கிறவர்கள் இல்லையா?

வலியை மறைத்த கதை என்றதும் எனக்குக் கர்ணன் ஞாபகம்தான் வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். பரசுராமர் அவன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறார். ஒரு வண்டு அவன் தொடையைத் துளைக்கிறது. குருவின் தூக்கம் கலையக்கூடாதே என்று அசையாமல் இருக்கிறான். வழிந்த ரத்தம் பட்டு எழுந்த பரசுராமர், ‘அந்தணப் பிள்ளைக்கு இத்தனை பொறுக்க முடியாது, உண்மையைச் சொல், நீ யார்?’ என்று கேட்கிறார். குலத்தை மறைத்து வித்தை கற்றது வெளியே வருகிறது. தேவையான நேரத்தில் கற்ற அஸ்திரம் மறந்துபோகும் என்று சாபம்.

கதாகாலட்சேபத்தில் இந்த இடம் வந்தால் நாம் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். எனக்கு அந்தச் சாபம் கொடுமையாகவே படுகிறது. குலத்தைக் கேட்டு வித்தை தருவது நியாயமா என்பது தனி வழக்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவன் வலியைப் பொறுத்தானே, அதற்காக யாரும் அவனைச் சபிக்கவில்லை. பொறுத்ததற்கு அடியில் ஒரு மறைத்தல் இருந்தது, அதற்குத்தான் சாபம். அதன் வாசகத்தையும் பாருங்கள்... சாதாரண நேரத்தில் அவனுக்கு எல்லாம் நினைவிருக்கும். உயிர் போகிற நேரத்தில் கைவிடும்!

மறைத்த முட்டியும் அப்படித்தான். நல்ல வெயில் நாளில், நேராகப் பறக்கும்போது, ஒரு தொந்தரவும் தராது. எஞ்சின் நின்ற அன்றைக்குத்தான் காலை வாரும். அப்போது பயிற்சி விமானத்தில் உங்கள் மகள் தனியாக இருக்கமாட்டாள். இன்னொரு இருக்கையில் அவளுக்குக் கற்றுக்கொடுப்பவர் இருப்பார். ‘கேட்டால்தானே சொல்ல வேண்டும்’ என்ற வாதம் என்னளவில் உடைந்துபோவது இங்கேதான். அந்த மனிதர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, உண்மைதான். கேட்க வேண்டியதில்லை என்று நம்பித்தானே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! தன் வலியைப் பொறுத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. அந்த வலியின் ஆபத்தை அடுத்தவர் மடியில் அவருக்குத் தெரியாமல் வைக்கும் உரிமை எங்கிருந்து வரும்?

‘சரி, சொல்லிவிட்டால் கடவுள் வழி காட்டிவிடுவாரா?’ என்று நீங்கள் கேட்கலாம். உத்தரவாதம் தர நான் யார்? சொன்னவர்கள் வெளியே அனுப்பப்பட்டதும் உண்டு.

இங்கிலாந்து விமானப்படையில் டக்ளஸ் பேடர் என்று ஒரு இளைஞர். 1931 டிசம்பரில், 21 வயதில், விமானத்தில் சாகசம் காட்டப்போய் விழுந்து, இரண்டு கால்களையும் இழந்தார். ஒன்று முட்டிக்கு மேலே, ஒன்று முட்டிக்குக் கீழே. செயற்கைக் கால்களுடன் பழகி, விமானத்தையும் ஓட்டிக் காட்டினார். ஆனாலும் 1933-ல் படையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஆறு வருடம் எண்ணெய் கம்பெனியில் உத்தியோகம். 1939-ல் உலகப் போர் மூண்டு ஆள் தேவைப்பட்ட பிறகே, ஓட்டிப் பார்க்கச் சொல்லி, மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். போர் வந்திராவிட்டால் அவர் கதை அந்த மேஜையிலேயே முடிந்திருக்கலாம். மரக்கட்டையாகத் தெரியும் குறையை யாரும் மறைக்க முடியாது என்பதால் பேடருக்கு நம் பெண்ணின் சோதனை வரவில்லை. சுடிதாருக்குள் ஒளிகிற தழும்புக்குத்தான் இந்தச் சோதனை.

முட்டி என்றால் எனக்கு இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். 2008-ல் ஒபாமாவை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்ற ஜான் மெக்கெய்ன். அமெரிக்கக் கடற்படை பைலட். 1967 அக்டோபரில் ஹனோய் நகரின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டார். விமானத்திலிருந்து வெளியேறியபோது இரண்டு கைகளும் வலது முட்டியும் உடைந்தன; ஏரியில் போய் விழுந்தார். ஐந்தரை வருடச் சிறை. (அந்தப் போரில் வியட்நாம் மக்கள் தலையில் விழுந்த குண்டுகளை மறந்துவிட்டு இவரைக் கொண்டாட நான் தயாராக இல்லை. முட்டிக் கதைக்காக மட்டும் சொல்கிறேன்.) 1973 மார்ச்சில் விடுதலையாகி ஊர் திரும்பியபோது அந்த முட்டி மடங்க மறுத்தது. பைலட் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதிக்கும் அளவுக்கு மடங்கினால்தான் மறுபடி பறக்க அனுமதி. போர்க்கைதியாக இருந்து வந்தவர், அப்பாவும் தாத்தாவும் கடற்படை அட்மிரல்கள். இருந்தும் அந்த முட்டிக்குக் குறுக்கு வழி இருக்கவில்லை.

பிசியோதெரபி தெரிந்த ஒரு பெண்மணி உதவ முன்வந்தார். இறுகிப்போன முட்டியை இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று மாதக்கணக்கில் மடக்கினார்கள். உயிர்போகும் வலி. மறைக்க வேண்டிய அவசியம் இல்லாததால், கத்தலாம், அழலாம்! 1974-ல் பறக்கும் தகுதி திரும்பக் கிடைத்தது. ஃப்ளோரிடாவில் விமானிகளுக்குப் பயிற்சி தரும் படைப்பிரிவில் சேர்ந்து, 1976-ல் அதற்கே தலைவரானார். கைகளைத் தோளுக்கு மேலே தூக்க முடியாத குறை மட்டும் 2018-ல் அவர் இறக்கும்வரை இருந்தது. அதையும் யாரும் மூடி வைக்கவில்லை.

இப்போது அடுப்படிக்குத் திரும்புவோம். மகள் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறாள். ‘சொல்லிடும்மா. ஒரு வருஷம் தள்ளிப்போட முடியுமான்னு கேட்டு மனுப் போடு. இல்லேன்னுட்டா, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்ல உங்களுக்குத் தொண்டை அடைக்கும். சொன்னதும் அவள் முகம் வாடும். இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பாள்.

மூன்றாம் நாள் தரையில் பாயை விரித்து, பழைய துண்டைச் சுருட்டி அவள் முட்டிக்குக் கீழே வையுங்கள். முட்டியால் துண்டை அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிதான். தினமும் அதையே திரும்பத் திரும்பச் செய்ய இளம்பிள்ளைக்கு அலுப்பாக இருக்கும். நாம் தினமும் 108 தடவை நாமம் சொல்லிப் பழகியவர்கள், நமக்கு அலுப்பு தட்டாது. வாரம் ஒருமுறை தையல் டேப்பால் இரண்டு தொடையையும் அளந்து காலண்டரில் குறித்துவையுங்கள். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் போதும். எண்ணுவதை நீங்கள் எண்ணுங்கள், அவள் அழுத்தட்டும்.