மகளின் தாயவுரிமை

தந்தை தேடிய பொருளும், அவன் முன்னோர் வைத்துச்சென்ற பொருளும் மக்களைச் சென்றடைதல் உலகியல். மக்களென்னுஞ் சொல் ஆண்பால் பெண்பால் இரண்டற்கும் பொதுவேயாம். ஆயினும், பங்கிடும் நாள் வந்துழி அச்சொல் சுருங்கி, ஆண்மக்களையே குறித்து நிற்றல் இந்நாட்டில் நெடுங்காலம் நிகழ்ந்துவந்தது. திருக்குறளில் ஏனையோர் மக்கட்பேறென வழங்கிய அதிகாரத்திற்குப் பரிமேலழகர் புதல்வரைப் பெறுதலெனப் பெயர் கொண்டமையும் இச்சுருக்கத்தின் ஓர் அடையாளமே. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச்சட்டம் சொத்தின்கண் அச்சுருக்கத்தை நீக்கிற்று. சட்டத்தினின்று நீங்கியது மனத்தினின்றும் நீங்கிற்றா என்பதும், நீங்காதாயின் சைவநன்மக்கள் அதனை எங்ஙனங் கருதற்பாலர் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் நூல்வழக்கினை நோக்குவது முறை. தமிழ்நாடு உள்ளிட்ட இந்தியப் பெரும்பகுதி மிதாட்சர நெறியையும், வங்கநாடு சீமூதவாகனர் இயற்றிய தாயபாக நெறியையும் தழுவிவந்தன. மிதாட்சரமாவது யாஞ்ஞவல்கிய மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் செய்த உரை. அவர் சாளுக்கிய வேந்தனாகிய ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்து விளங்கியவர். அவ்வுரையின்படி ஆண்மகவு பிறந்த அப்பொழுதே முன்னோர் சொத்தில் உரிமை எய்தும்; தாயபாகத்தின்படி தந்தை இறந்த பின்னரே மைந்தர்க்கு உரிமை தோன்றும். மகன் இருப்ப மகள் அவனோடொத்த தாயம் பெறாமை இரண்டற்கும் ஒக்கும்.

ஆயினும் மகளை அந்நூல்கள் முற்றும் மறந்தனவல்ல. மணமாகாத உடன்பிறந்தாளுக்கு உடன்பிறந்தார் தத்தம் பங்கினின்று நாலிலொன்று கொடுத்தல் வேண்டுமென்றும், கொடாதார் பதிதராவரென்றும் மநு விதித்தார். இந்நாலிலொன்று மணச்செலவைக் குறிப்பதன்று, மகளும் பங்குபெறுதற்கு உரியளென்பதையே குறிப்பதென விஞ்ஞானேசுவரர் வாதித்து நிறுவினார். பிற்காலத்தார் அதனை மணச்செலவென்றே சுருக்கி, அச்செலவோடு மகளின் உரிமை தீர்ந்ததெனக் கொண்டனர். நூல் கொடுத்ததனையும் வழக்குக் குறைத்தது என்பது இதனாற் போதரும். வழக்கினைக் காட்டி, ‘இஃது எம் முன்னோர் நூல்நெறி’ என்பார் இதனை உளங்கொளல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கு மெல்ல மாறிற்று. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்டிர்க்குச் சொத்தில் ஆடவரோடொத்த உரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அம்மாநாட்டினர் சாத்திரங்களை மறுத்தவராகலின் சைவருட் பலர்க்கு அவர் உரை கசந்தது. சொல்வார் யாவராயினும் சொல்லின் மெய்மையைக் காண்டலே அறிவென்பது தமிழர் துணிபாகலின், அக்கசப்பு விடைக்கு ஈடாகாது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்டிர்க்கு ஆயுட்கால அளவில் ஓருரிமை தந்தது. விடுதலைக்குப்பின் இந்துச் சட்டத்தொகுப்பு மசோதா தடைப்பட்டமையால் அம்பேத்கர் 1951-ஆம் ஆண்டு அமைச்சுப் பதவியைத் துறந்தார். 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒத்த பங்கு வகுத்தது. பிறப்பாலெய்தும் கூட்டுக்குடும்ப உரிமையையோ ஆண்மக்கட்கே விட்டுவைத்தது. தமிழ்நாடு 1989-ஆம் ஆண்டு அக்குறையை நீக்கத் தலைப்பட்டு, அந்நாளில் மணமாகாதிருந்த மகளிர்க்கு அவ்வுரிமையை அளித்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் மணமானார் ஆகாதார் என்னும் வேற்றுமையையுங் களைந்தது. தந்தை அத்திருத்த நாளில் உயிரோடிருத்தல் வேண்டுமோ என எழுந்த ஐயத்தை, வேண்டுவதன்று, உரிமை பிறப்பால் வருவதென உச்சநீதிமன்றம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் தீர்த்தது.

இனிச் சட்டம் எட்டாத இடம் இரண்டுள. ஒன்று, தந்தை தன் தனிச்சொத்து முழுவதையும் ஆண்மக்கட்கே உயிலெழுதி வைத்தல். மற்றொன்று, மகளிடமிருந்து விடுதலைப் பத்திரம் பெறுதல். தந்தையின் கருமக்கிரியைகள் முடிந்து சின்னாளுக்குள் உடன்பிறந்தார் பத்திரத்தைக் கொணர்ந்து வைப்பர். கையெழுத்திட்டாற் பிறந்தகம் என்றும் திறந்திருக்குமென்பர். இடாவழி என்னாமென்பதை வாய்திறந்து சொல்லார். தாயும் தலைகவிழ்ந்திருப்பாள். தந்தையை இழந்த துயரத்தோடு அண்ணன் தம்பியரையும் இழக்க அஞ்சிய மகள் கையெழுத்திடுவாள். சட்டப்படி அஃது அவள் மனமுவந்து செய்தது. அறத்தின்படி அஃது என்னவென்பதே வினா.

இதன்கட் கூறப்படும் தடைகளை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

இறந்தார்க்குப் பிண்டமிடுவான் மகனாகலின் பொருளும் அவற்கே உரித்தென்பது முதற்றடை. தாயபாகம் சபிண்டரென்னுஞ் சொல்லைப் பிண்டமளிக்குந் தொடர்பாற் கொண்டது மெய்யே. மிதாட்சரமோ பிண்டமென்பது உடம்பென்றும், ஓருடம்பின் கூறு உடையார் சபிண்டரென்றுங் கொண்டது. அவ்வாறு கொள்ளின் தந்தையின் உடம்பிற் கூறு மகனுக்கு எத்துணை, மகட்கும் அத்துணையே. அன்றியும், அபரக்கிரியை மகன் ஆற்றுங் கடன், கூலிவேலையன்று. கடனுக்கு விலையாகத் தங்கையின் பங்கைப் பெறுவானாயின் அவன் தந்தைக்குச் செய்தது கிரியையாகாது, வாணிகமாம்.

மணத்தின்போதே சீரும் சீதனமுங் கொடுத்தாயிற்றென்பது இரண்டாந் தடை. யாழ்ப்பாணத்துச் சைவரிடை வழங்கி, 1707-ஆம் ஆண்டு ஒல்லாந்தராற் றொகுக்கப்பட்ட தேசவழமையிற் சீதனம் மகட்குரிய சொத்தாகவே எண்ணப்பட்டது. அத்தகைய சீதனமாயின் இத்தடைக்குச் சிறிது இடமுண்டு. மணமகன் வீட்டார் கேட்டு வாங்கும் வரதட்சிணையோ மகளின் கைக்கு வருவதன்று. 1961-ஆம் ஆண்டுமுதற் சட்டத்தாலும் விலக்கப்பட்டது. விருந்துக்கும் பந்தலுக்கும் செலவிட்டதும் அவளுடைமையாகாது. மகனுடைய கல்விக்கும் மணத்திற்கும் செலவிட்டதை அவன் பங்கிற் கழிப்பார் எவருமிலர். மகள் திறத்தில் மாத்திரம் கணக்கெழுதுதல் நடுவுநிலையன்று.

பொருள் பாசத்தின் பாற்பட்டது. நற்குலப்பெண் அதனை விழைதல் தகாதென்பது மூன்றாந் தடை. இது ஞானநூலின் வாய்மொழிபோற் றோன்றும். பொருட்பற்று உயிரைப் பிணிப்பதென்பது உண்மை. அங்ஙனமாயின் அப்பிணிப்பினை முதற்கண் அறுக்கவேண்டியவன் அதனை மிகுதியும் உடைய உடன்பிறந்தானன்றோ? தான் இரு பங்கையும் இறுகப்பற்றிக்கொண்டு, தங்கைக்குத் துறவு போதித்தல் மெய்கண்டார் நெறியன்று. பற்றறுதி தன் உடைமையில் தானே செய்துகொள்வது. பிறருடைமையில் அவர்க்காகச் செய்வதன்று.

உரிமை கேட்பின் உடன்பிறப்பன்பு கெடுமென்பது நான்காந் தடை. இதுவே வலியது, பல மகளிரின் வாயை அடைத்ததும் இதுவே. ஆயினும், பங்கு கேளாதவரையில் நிற்பதும் கேட்டவழி ஒழிவதுமாகிய அன்பு எத்தன்மைத்து? பங்கினைக் கேட்டமையால் அது கெட்டதன்று; கொடாமையால் முன்னரே கெட்டிருந்ததனைக் கேள்வி வெளிப்படுத்திற்று. திருவாமூரிற் பிறந்த திலகவதியார், தம்பியாகிய மருணீக்கியார் பொருட்டே உயிர் தாங்கினார். தம்பியார் புறச்சமயம் புக்கபின், அம்மையார் திருவதிகை வீரட்டானத்திற் றிருவலகும் திருமெழுக்கும் தம் செல்வமாகக் கொண்டிருந்தார். தம்பியார் சூலைநோயுற்றுத் தமக்கையாரையே நாடிவந்தபொழுது அவர்க்குத் திருநீறு கிடைத்தது. தமக்கையின் அன்பு கணக்குப் பாராதென்பதற்கு அவ்வரலாறு சான்று. அத்தகைய அன்பைக் கைக்கருவியாக்கிக் கையெழுத்து வாங்குதல் அவ்வன்பிற்கு இழைக்கும் பிழையாம்.

தடைகள் இவ்வாறாக, சித்தாந்த நெறி இதன்கட் கூறுவது யாது? ஆணென்பதும் பெண்ணென்பதும் உடம்பின் வேறுபாடன்றி உயிரின் வேறுபாடன்று. உடம்பு மாயையின் காரியம். உயிர் தன் வினைக்கேற்ப அதனை எடுக்கும், விடுக்கும். சிவஞானபோத முதற்சூத்திரம் உலகை ஆண், பெண், அஃறிணையென வகுத்தெண்ணி, அம்மூன்றையும் ஒருங்கே தோன்றி நின்று ஒடுங்குவனவென வைத்தது. ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்திற்றில்லை. முற்பிறப்பின் மகன் இப்பிறப்பின் மகளாதலுங் கூடும். இங்ஙனம் மாறிவரும் உடம்பின் அடையாளம் ஒன்றுபற்றி ஓருயிர்க்கு உரிமை கொடுத்தலும் மற்றோருயிர்க்கு மறுத்தலும் உயிரியல்பு உணர்ந்தார் செயலாமாறில்லை.

இதனினும் நுண்ணியதொன்று உண்டு. தானமென்பது தன்னுடைமையைத் தன்னதென்னும் உரிமை நீங்கப் பிறர்க்கு ஆக்குதல். உடைமை இல்வழித் தானம் இல்லை. சிவபுண்ணியங்களுள் திருவிளக்கிடுதலும் திருநந்தவனம் வைத்தலும் அடியார்க்கு அமுதூட்டலும் பொருளை வேண்டிநிற்பன. தனக்கென ஒன்றும் இல்லாதாள் இவற்றைத் தந்தையின் பொருளாலோ கணவனின் பொருளாலோ மைந்தனின் பொருளாலோ செய்தல் வேண்டும். ஒவ்வொன்றற்கும் அவர் இசைவை நோக்கி நிற்றல் வேண்டும். ஆகலின் மகட்குப் பங்கு மறுப்பார் அவளுக்கு நிலத்தை மாத்திரம் மறுத்தாரல்லர். அவள் செய்யக்கூடிய சிவபுண்ணியத்தையும் மறுத்தாராவர்.

காரைக்காலம்மையாரின் தந்தையாகிய தனதத்தன் பெருவணிகன். வேறு மகப்பேறின்மையின் மகளைக் காரைக்காலிலேயே மனையறம் புகுவித்து அளவிறந்த செல்வமும் கொடுத்தான். அம்மையார் பசித்துவந்த அடியார்க்கு அளித்த மாங்கனியோ கணவன் அனுப்பியது. அவன் அதனை வேண்டியபொழுது அம்மையார் கலங்கினார். இறைவன் திருவருளால் வேறொரு கனி கைவந்தது. அப்புனித வரலாற்றை வழக்குக்குச் சாட்சியாக இழுத்தல் ஈண்டுக் கருத்தன்று. எனினும், எல்லா இல்லத்தும் இறைவன் மாங்கனி தந்து காப்பானென உடன்பிறந்தார் இருந்துவிடுதல் முறையாகாது. அவர் தாம் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தல் வேண்டும்.

கையிற் பொருளுடைய மகளிர் யாது செய்தனரென்பதற்குச் சோழர் கல்வெட்டுக்கள் சான்று பகரும். கண்டராதித்தரின் தேவியாராகிய செம்பியன்மாதேவியார் பல திருக்கோயில்களைக் கற்றளியாக்கினார். தஞ்சை இராசராசேச்சரத்தில் முதலாம் இராசராசன் தான் கொடுத்தனவற்றைக் கல்லில் வெட்டுக என ஆணையிட்டபொழுது, தன்னையடுத்துத் தன் தமக்கையாகிய குந்தவையார் கொடுத்தனவற்றையே வைத்தான்; தன் தேவியரும் பிறரும் கொடுத்தன அதன்பின் வந்தன. அவ்வம்மையார் எழுந்தருளுவித்த திருமேனிகளும் அளித்த பொன்னணிகளும் அக்கோயிற் கல்வெட்டுக்களில் விரிவாகக் காணப்படும். அரசகுலத்துச் செல்வம் எல்லார்க்கும் அமைவதன்று. ஆயினும் தமக்கை பெயரைத் தன் பெயருக்கடுத்துக் கல்லிற் பொறித்த தம்பியின் உள்ளம் சிறுகுடிப்பிறந்தார்க்கும் அமையலாம். அரைக்காணி நிலத்தின் பத்திரத்திலும் அதனைக் காட்டலாம்.

அற்றேல், மகள் தன் பங்கை உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுத்தல் ஒருவாற்றானும் கூடாதோ எனின், கூடும். உடன்பிறந்தான் வறியனாய், அவள் செல்வமுடையாளாய், அவன் கேளாதிருப்ப அவளே கொடுப்பாளாயின் அது சிறந்த அறம். ஆனால் முன்னர் அவள் கைக்கு வந்திருத்தல் வேண்டும்; இது தன்னதென அவள் அறிந்திருத்தல் வேண்டும்; கொடாவிடினும் பிறந்தகத்தின் வாயில் அடைபடாதென்னும் உறுதி அவட்கு இருத்தல் வேண்டும். இம்மூன்றும் உளவாயவழி அது தானம். இலவாயவழி அது பறிப்பு. இரண்டற்கும் பத்திரம் ஒன்றுபோலவே இருக்கும். பத்திரப்பதிவாளர் வேற்றுமை காணார். உள்நின்று காண்பானாகிய இறைவன் காண்பான்.

ஆதலின் சைவ இல்லத்துத் தந்தையர் தம் உயிலில் மகளை மறவாதிருத்தலும், மைந்தர் தங்கை கேட்குமுன் அவள் பங்கை எடுத்துவைத்தலும், விடுதலைப் பத்திரத்தை அன்பின் விலையாக நீட்டாதிருத்தலும் கடனாம். சட்டம் நாட்டுக்கு அஞ்சிச் செய்விப்பது. அறம் இறைவனுக்கு அஞ்சிச் செய்வது. மக்களென்னுஞ் சொல் பங்கிடும் நாளிலும் தன் முழுப்பொருள் குன்றாது நிற்குமாயின், அவ்வில்லத்திற் பிறந்தகத்தின் வாயிலைத் திறந்துவைக்கக் கையெழுத்து ஒன்று வேண்டுவதில்லை.

திருச்சிற்றம்பலம்.