பாடி மாறும், லென்ஸ் இருக்கும்

நிக்கான் கேமராவின் முகத்தைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு லென்ஸை மாட்டினால், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருக வேண்டும். கேனானில் முள் போகிற பக்கம். பாடியில் ஒரு புள்ளி, லென்ஸில் ஒரு புள்ளி. இரண்டையும் நேராக வைத்துச் செருகித் திருகியதும் ‘டிக்’கென்று பூட்டு விழும். ஒன்றில் கை பழகியவர் மற்றதை எடுத்தால் கொஞ்ச நாளைக்குத் தப்பான பக்கமே திருகிக்கொண்டிருப்பார். புத்திக்குத் தெரிந்தது மணிக்கட்டுக்குத் தெரியாது.

இவ்வளவு எதிரும் புதிருமாக நிற்கும் இந்த இரண்டு கம்பெனிகளும் தொடக்கத்தில் ஒரே கேமராவுக்குள் இருந்தவை. 1930களின் நடுவில் கேனானின் முதல் கேமராவான ஹான்ஸா கேனான் கடைக்கு வந்தபோது அதன் முகத்தில் இருந்தது நிக்கோர் லென்ஸ். பிற்காலத்தில் நிக்கான் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிப்பான் கோகாகு கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. லென்ஸ் மட்டுமா? அதை மாட்டும் வளையமும் அவர்கள் கொடுத்ததே. அந்த வளையத்துக்குத்தான் மவுண்ட் என்று பெயர்.

கேமரா கம்பெனிகளின் போட்டி என்றால் மெகாபிக்ஸல் சண்டைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் விளம்பரத்துக்கான சண்டை. 2008-ல் வந்த கேனான் ஜி10 காம்பாக்ட் கேமராவில் 14.7 மெகாபிக்ஸல். அடுத்த ஆண்டே வந்த ஜி11-ல் 10. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன சென்சாருக்குள் அத்தனை பிக்ஸலைத் திணித்தால் இருட்டில் எடுத்த படம் முழுக்க மணல் தூவினாற்போல் ஆகிவிடுகிறது என்று புரிந்துகொண்டு, ஏறிய படியிலேயே இறங்கிவந்தார்கள். வினாடிக்கு இத்தனை படம், முகம் கண்டால் தானே போகஸ், கை நடுங்கினாலும் கலங்காத படம் என்று மற்ற போட்டிகளும் அப்படித்தான். இவன் இந்த வருஷம் கொண்டுவந்தால் அவன் அடுத்த வருஷம் கொண்டுவந்துவிடுவான். யார் எதைத் துணியலாம், யார் துணியக் கூடாது என்பதைத் தீர்மானித்தது வேறொன்று. அந்த வளையம்.

கேமரா வாங்குவது ஒரு வீட்டோடு சம்பந்தம் வைத்துக்கொள்வது மாதிரி. முதலில் ஒரு பாடி, கூடவே ஒரு லென்ஸ். பிறகு கல்யாண வேலைக்கு ஒன்று, பறவை எடுக்க நீளமாக ஒன்று, முகம் எடுக்க ஒன்று என்று லென்ஸ்கள் சேர்ந்துகொண்டே போகும். பாடிக்குள் இருக்கும் சென்சார் நாலைந்து ஆண்டில் பழையதாகிவிடும். நல்ல கண்ணாடிக்கு அந்தக் கதி கிடையாது. பூஞ்சை பிடிக்காமல் வைத்திருந்தால் அப்பா வாங்கியதைப் பிள்ளை மாட்டலாம். ஆக, ஒருவர் முதல் லென்ஸை வாங்கும்போது கம்பெனி அவருக்கு எழுதாத வாக்கு ஒன்றைக் கொடுக்கிறது: அடுத்து நாங்கள் செய்யும் பாடியிலும் இது பொருந்தும்.

நிக்கான் இந்த வாக்கைத் தெய்வவாக்காக எடுத்துக்கொண்டது. 1959-ல் நிக்கான் எஃப் கேமராவோடு வந்த எஃப் மவுண்ட்டை அடுத்த அறுபது ஆண்டு விடவேயில்லை. 1977 வரை லென்ஸை மாட்டியதும் அப்பர்ச்சர் வளையத்தை ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் திருப்பி, லென்ஸ் அதிகபட்சம் எவ்வளவு திறக்கும் என்பதைக் கேமராவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அது தானாகவே நடக்கும்படி செய்தார்கள். அப்போதும் பழைய லென்ஸ்காரர்களைக் கைவிடவில்லை, கொண்டுவந்தால் அப்பர்ச்சர் வளையத்தை மாற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு புதுமையும் பழைய மவுண்ட் வளையத்துக்குள் இன்னொரு நெம்புகோலாக, இன்னொரு திருகாணியாக, இன்னொரு மின்தொடர்பாகச் சொருகப்பட்டது. வளையத்தின் குறுக்களவோ அன்று வைத்த 44 மில்லிமீட்டர்தான்.

1985-ல் மினோல்டா 7000 வந்தது. ஆட்டோபோகஸ் வேலையைப் பாடிக்குள்ளேயே அடக்கிய எஸ்எல்ஆர். மற்றவர்கள் ஆடிப்போனார்கள். நிக்கான் தன் பழைய மவுண்ட்டிலேயே ஒரு வழி கண்டுபிடித்தது: பாடிக்குள் மோட்டார், அதிலிருந்து ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒரு தண்டு நீண்டு லென்ஸைத் திருகும். கேனான் செய்தது கேட்க மனம் பதறும் காரியம். 1987-ல் தன் எஃப்டி மவுண்ட்டை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, 54 மில்லிமீட்டர் அகலத்தில் இஎஃப் என்ற புது மவுண்ட்டைக் கொண்டுவந்தது. அதில் நெம்புகோல் இல்லை, தண்டு இல்லை. பாடியும் லென்ஸும் பேசிக்கொள்வது முழுக்க மின்சாரத்தில். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே. எஃப்டி லென்ஸ் வைத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் சில ஆண்டுகளில் விளையாட்டு மைதானங்களின் ஓரத்தில் வரிசையாகத் தெரிந்தவை கேனானின் வெள்ளை லென்ஸ்கள். வாக்கைக் காத்தவன் பின்தங்கினான், மீறியவன் முந்தினான். கதையை இங்கே நிறுத்தினால் அதன் பாடம் கொடியது. நல்லவேளையாக அது இங்கே நிற்கவில்லை.

டிஜிட்டல் வந்ததும் மவுண்ட்டின் வழியாகத்தான். 1975-ல் கோடாக் கம்பெனியின் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. அந்தக் கோடாக் 1991-ல் பத்திரிகைக்காரர்களுக்காக டிசிஎஸ் என்ற டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்தபோது சென்சார் அவர்களுடையது, தோளில் தொங்கிய பெட்டியும் அதற்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் அவர்களுடையது. பாடி? நிக்கான் எஃப்3. பத்திரிகைக்காரர்களின் பையில் ஏற்கனவே இருந்தவை நிக்கோர் லென்ஸ்கள். எதிர்காலமே வந்தாலும் அவற்றோடு பொருந்தித்தான் உள்ளே நுழைய முடிந்தது.

பிறகு சோனி. 2006-ல் கோனிகா மினோல்டாவின் கேமரா தொழிலை வாங்கிய கம்பெனி. நிக்கான், கேனானுக்கு இருந்த அளவு சொந்தபந்தம் அதற்கு இல்லை. எஸ்எல்ஆர் கேமராவுக்குள் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே சாய்ந்து நிற்கும் கண்ணாடி இருக்கும். படம் எடுக்கும்போது அது எகிறி வழிவிட வேண்டும். அந்த இடத்துக்காகவே நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் 46.5 மில்லிமீட்டர் தூரம் விட்டிருந்தார்கள். சோனி 2010-ல் கண்ணாடியை எடுத்துவிட்டு அந்தத் தூரத்தை 18 மில்லிமீட்டருக்குச் சுருக்கியது. 2013-ல் அதே மவுண்ட்டில், பழைய பிலிம் சட்டத்தின் அளவுக்குச் சென்சார் கொண்ட ஏ7 என்ற ஃபுல் ஃபிரேம் கேமராவைக் கொண்டுவந்தது. பழைய நிறுவனங்களின் கணக்கில் வராத ஒரு பௌதிகம் இதில் ஒளிந்திருந்தது. தூரம் குறைந்த பாடியில், நடுவில் ஒரு வெற்றுக் குழாயை வைத்தால், தூரம் கூடிய எந்தக் கம்பெனியின் லென்ஸையும் மாட்டிவிடலாம். மறுபக்கம் இது நடக்காது. கேனான் லென்ஸ், லைக்கா லென்ஸ், பரணில் கிடந்த எஃப்டி லென்ஸ் என எல்லாமே ஏ7-ல் ஏறி உட்கார்ந்தன. தனக்கென்று பெரிய விசுவாசக் கூட்டம் இல்லாதவன் அடுத்தவரின் விசுவாசிகளுக்குத் திண்ணை போட்டுக்கொடுத்தான். வந்தாரை வாழவைக்கும் பாடி. 1987-ல் கேனான் தெருவில் விட்டவர்களுக்கு, இருபத்தாறு ஆண்டு கழித்து, ஒரு ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் பாடியில் போக்கிடம் கிடைத்தது.

நிக்கானுக்கும் கேனானுக்கும் இதைச் செய்யத் தெரியாமலா இருந்தது? 36 மெகாபிக்ஸல் சென்சாரோடு 2012-ல் நிக்கான் டி800 வந்தபோது எல்லோரும் வியந்தார்கள். அந்த சென்சார் உருவானதே சோனியின் ஆலையில்தான். 2016 ஏப்ரலில் குமாமோட்டோவில் நிலநடுக்கம் வந்து சோனியின் சென்சார் ஆலை நின்றபோது, போட்டியாளர்கள் உட்பட அதை நம்பியிருந்த கம்பெனிகள் பல கையைப் பிசைந்தன. அறிவோ பொருளோ யாரிடமும் பூட்டிக் கிடக்கவில்லை, காசுக்குக் கிடைத்தன. நிக்கானும் கேனானும் 2018 வரை, அதாவது ஏ7 வந்து ஐந்து ஆண்டு, கண்ணாடி இல்லாத ஃபுல் ஃபிரேம் (மிரர்லெஸ்) பக்கம் காலை வைக்காமல் தடுத்தது உலகம் முழுக்கப் பைகளில் கிடந்த கோடிக்கணக்கான பழைய லென்ஸ்கள். நம்பியவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது சட்டென்று திரும்ப முடியாது.

கடைசியில் அந்த ஆண்டு ஆகஸ்டில் நிக்கான் இசட் என்றும் செப்டம்பரில் கேனான் ஆர்எஃப் என்றும் புது மவுண்ட்டை அறிவித்தன. பழையதற்கு அடாப்டர் உண்டு என்றன. கதை இங்கேதான் எனக்குச் சுவாரசியமாகிறது. கேனானின் அடாப்டரில் 1987 முதல் வந்த எந்த இஎஃப் லென்ஸும் புது பாடியில் ஆட்டோபோகஸோடு ஓடியது. அன்று எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றியிருந்ததால் இன்று நீட்டிக்க வேண்டியிருந்தது மின்தொடர்பை மட்டும்தான். நிக்கானின் அடாப்டரில் மோட்டார் இல்லை. தண்டால் திருகும் பழைய ஆட்டோபோகஸ் லென்ஸ்களைப் புது பாடியில் மாட்டினால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். அறுபது ஆண்டு யாரையும் விடாமல் கூட்டிக்கொண்டு வந்தவனால் கடைசி ஆற்றைக் கடக்கும்போது எல்லோரையும் அக்கரை சேர்க்க முடியவில்லை. ஒரு முறை கொடுமையாக மீறியவனோ அடுத்த தலைமுறையை முழுசாகக் கொண்டு சேர்த்தான்.

அப்படியானால் வாக்கு என்பது வெறும் கால்விலங்குதானா? நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். எண்ணத்தை மாற்றியது விற்பனைக் கணக்கு.

2010-ல் ஜப்பானிய கேமரா கம்பெனிகள் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. அதில் கிட்டத்தட்ட 11 கோடி, லென்ஸைக் கழற்ற முடியாத காம்பாக்ட் கேமராக்கள். மவுண்ட் இல்லாதவை, ஆகவே வாக்கும் இல்லாதவை. வாங்குகிறவர் அடுத்த முறை வேறு கம்பெனிக்குப் போகலாம். கம்பெனியும் ஆறு மாதத்துக்கு ஒரு மாடலாக மாற்றிக்கொண்டே போகலாம். யாருக்கும் யாரும் கடன்பட்டிருக்கவில்லை. புதுமைக்கு இதைவிடச் சுதந்திரமான களம் ஏது? பின்பக்கம் திரை வைத்த கேமராவை 1995-லேயே கேசியோ க்யூவி-10 என்று வீட்டுக்கு வீடு கொண்டுபோகப் பார்த்ததும் இந்தக் களத்தில்தான். பிறகு போன் வந்தது. கடன்படாதவர்கள் ஒரு நாளில் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். கேசியோ 2018-ல் காம்பாக்ட் கடையை மூடியது. 2024-ல் எல்லாக் கேமராவும் சேர்த்து சுமார் 85 லட்சம்; அதில் காம்பாக்ட் 20 லட்சத்துக்கும் குறைவு. லென்ஸ் மாற்றும் கேமராக்களும் அடி வாங்கின. 2012-ல் 2 கோடியாக இருந்தவை மூன்றில் ஒரு பங்காயின. ஆனாலும் 66 லட்சம் மிஞ்சியது. வெள்ளம் வந்தபோது அவற்றைப் பிடித்து நிறுத்தியது, அதுவரை ‘இதுதான் நம்மை ஓடவிடாமல் செய்கிறது’ என்று நொந்துகொண்ட அதே பையும் அதற்குள் இருந்த லென்ஸ்களும்தான்.

ஒரு கம்பெனியை ஓடவிடாமல் பிடித்திழுக்கும் கையும், விழும்போது தாங்கும் கையும் ஒரே ஆளுடையது. நம்பியவரைப் பாரம் என்று உதறிவிட்டுப் பிடிமானத்தை மட்டும் வைத்துக்கொள்ள யாராலும் ஆகவில்லை.

சாம்சங் கதையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2014-ல் அவர்கள் கொண்டுவந்த என்எக்ஸ்1 காலத்துக்கு முந்திய கேமரா: 28 மெகாபிக்ஸல், வினாடிக்கு 15 படம், 4கே வீடியோ. சென்சார் சொந்தமாகச் செய்தது, பணத்துக்குக் குறைவில்லை. ஓரிரு ஆண்டில் சத்தம் போடாமல் கடையைக் கட்டிவிட்டார்கள். என்எக்ஸ் லென்ஸ் வாங்கியவர்கள் கையில் மிஞ்சியது சொந்தம் இல்லாத கண்ணாடி. நிக்கானே தனி மவுண்ட்டோடு விற்ற நிக்கான் 1 வரிசையை 2018-ல் கைவிட்டது. கேனானின் அதே மாதிரியான இஓஎஸ் எம் வரிசை 2023-ல் முடிந்தது. இத்தனை பார்த்த பிறகு, கையைச் சுட்டுக்கொண்டவர்கள் புது மவுண்ட் வந்தால் முதலில் விசாரிப்பது மெகாபிக்ஸலை அல்ல, இவர்கள் பத்து வருஷம் இருப்பார்களா என்பதை.

இருப்பது மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. பென்டாக்ஸ் 1975-ல் வைத்த கே மவுண்ட்டை இன்றைக்கும் கைவிடவில்லை, கண்ணாடி வைத்த எஸ்எல்ஆரையும் விடவில்லை. ரீகோ கம்பெனியின் நிழலில் சின்னக் கூட்டத்தோடு காலம் தள்ளுகிறது. எனக்கு அந்தப் பிடிவாதத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு. அதற்காக ஒன்று வாங்குவேனா என்று கேட்டால் பதில் சொல்லமாட்டேன்.

2024-ல் நிக்கான், ரெட் என்ற அமெரிக்க சினிமா கேமரா கம்பெனியை விலைக்கு வாங்கியது. இரண்டு ஆண்டு முன்புதான் அதே ரெட், வீடியோ காப்புரிமை விஷயத்தில் நிக்கான் மீது வழக்குப் போட்டிருந்தது. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த ரெட் கேமராக்களின் முகத்தில் இருந்த மவுண்ட் யாருடையது தெரியுமா? கேனானின் ஆர்எஃப். தன் சொந்தக் கம்பெனியின் கேமராவில் பரம எதிரியின் லென்ஸ் மாட்டும் நிலை. 2025 தொடக்கத்தில் நிக்கானின் இசட் மவுண்ட்டோடு ரெட் கேமராக்கள் வந்தன. ஆர்எஃப் மவுண்ட்டை அதற்காக வெட்டிவிடவில்லை. கேனான் லென்ஸை நம்பி ரெட் வாங்கியவர்கள் இப்போது நிக்கானின் வாடிக்கையாளர்கள்.