எண்பத்தேழில் ஒரு பங்கு

துருவை வரைவது எனக்குப் பிடிக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்த ரயில் பெட்டி மாடல் வெறும் பொம்மை மாதிரிதான் இருக்கும். கறுப்பும் பழுப்பும் கலந்த பெயின்ட்டைத் தண்ணியாகக் கரைத்து அதன்மேல் ஓடவிட்டு, உடனே பஞ்சால் ஒற்றி எடுத்தால், ஜன்னல் ஓரத்திலும் கதவு இடுக்கிலும் மட்டும் அழுக்கு தங்கும். கூரையில் துரு வேண்டுமா? முதலில் துரு நிறம் அடித்து, காய்ந்ததும் லேசாக ஈரமாக்கி உப்பைத் தூவ வேண்டும். அதுவும் காய்ந்த பிறகு கூரையின் நிறத்தை மேலே அடித்து, உப்பைத் தேய்த்து உதிர்த்தால், உப்பு இருந்த இடமெல்லாம் துரு எட்டிப் பார்க்கும். சமையலறை உப்புதான். நாங்கள் இதை ‘வெதரிங்’ என்போம். இருபது வருஷ வெயிலையும் மழையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஏற்றிவிடலாம்.

நான் செய்தது 2005 வாக்கில் ஓடிய ஒரு ஸ்லீப்பர் பெட்டி. இரண்டு நீலம் அடித்த பெரம்பூர் ஐ.சி.எஃப். வகை. சுவிஸ் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1955-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. 2018 வரை அந்த வகைப் பெட்டியைச் செய்துகொண்டிருந்தது. ரயில் என்றதும் என் தலைமுறைக்குக் கண்ணில் வருவது அந்த நீலம்தான். நிஜப் பெட்டி 21.3 மீட்டர். எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக்கினால், 24.5 சென்டிமீட்டர். ஐரோப்பியப் பெட்டி ஒன்றின் அடிச்சட்டத்தை வெட்டி ஒட்டி, பிளாஸ்டிக் தகட்டில் உடம்பைக் கட்டி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் பித்தளைக் கம்பி வைத்து முடிக்க மூன்று மாதம் ஆனது.

இந்தப் பொழுதுபோக்கில் ‘ரிவெட் எண்ணுகிறவன்’ என்று ஒரு வசவு உண்டு. நிஜத்தில் இருக்கும் ஆணிக்கொண்டை ஒன்று மாடலில் குறைந்தாலும் தூக்கம் வராத ஆள் என்று அர்த்தம். நான் அந்த ரகம். அதைக் கொஞ்சம் பெருமையாகவே வைத்திருந்தேன்.

பிட் லைனில் பெட்டிப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மாடலைக் கையில் கொடுத்தேன். எல்லோரும் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். அவர் நேரே கவிழ்த்துப் பிடித்தார்.

“பேட்டரி பாக்ஸ் இருக்கு. ஆல்டர்நேட்டர் இருக்கு, பெல்ட்டு கூடப் போட்டிருக்க. பிரேக் சிலிண்டரும் சரி. கக்கூஸ் குழாய் எங்க தம்பி? இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு வரணுமே?”

“அது வெளிய தெரியாதுண்ணே.”

“பெல்ட்டு மட்டும் தெரியுதா?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் இல்லை.

மாடல் என்றாலே எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்று அன்றிரவு எனக்கு நானே வாதாடினேன். நம் அகலப்பாதையின் அகலம் 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். ஆனால் கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5. நிஜத்தில் 1435 மி.மீ. இருக்கும் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளுக்காக வந்த அளவு. என் பெட்டி ஓடுவதே ஒரு பொய்யின் மேல்தான். அது என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை, ரிவெட் எண்ணுகிறவனாக இருந்தும். அப்படியென்றால் குழாய் விஷயம் மட்டும் ஏன் உறுத்துகிறது?

தண்டவாள அகலத்தை விட்டது முடியாமல். குழாயை விட்டது அப்படியில்லை. அது என் கண்ணிலேயே படவில்லை, பட வேண்டாம் என்று எங்கோ முன்பே முடிவாகியிருந்தது. துரு, தூசி, எண்ணெய்க் கசிவு என்று அழுக்கிலேயே அழகான அழுக்கை மட்டும் பொறுக்கியிருக்கிறேன். மலம் அந்தப் பட்டியலில் இல்லை. வண்டி நிற்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்கள் என்ற அறிவிப்பைப் படித்துக்கொண்டே நாமெல்லாம் பயன்படுத்தினோம். ஸ்டேஷனில் விழுந்ததை இறங்கி அள்ளியவர்கள் எந்தச் சாதிக்காரர்கள் என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013-ஆம் வருஷச் சட்டம், யார் அந்தத் தொழிலாளி என்று வரையறுக்கும் இடத்தில் ரயில் தண்டவாளத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கூடவே, அரசு குறிப்பிடும் கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால் அவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார் என்றும் ஒரு விளக்கம். அங்கேயும் யாரோ எதையோ கண்ணிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இப்போது பயோ-டாய்லெட் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் என் பெட்டி 2005-இல் அல்லவா நிற்கிறது?

சரி, வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த சிக்கல். குழாய் வைத்தால் அதற்குக் கீழே கறை வேண்டும். கறை வந்தால் துடைக்கும் ஆள் வேண்டும். எச்.ஓ. அளவில் ஒரு மனிதர் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கையில் விளக்குமாறு கொடுத்துத் தண்டவாளத்துக்கு நடுவே நிறுத்தினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். “செம டீட்டெயில் ப்ரோ!” நேரில் பார்க்கக் கூசுகிறவற்றைக்கூட, பிணத்தைக்கூட, துல்லியமான பிரதியாகப் பார்த்தால் நமக்கு இன்பமாக இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். கற்றுக்கொள்வதன் இன்பம் அது என்பது அவர் விளக்கம். எனக்குச் சந்தேகம். அந்தப் பாராட்டைக் கேட்டவர் அந்த மனிதரைப் பற்றி எதைக் கற்றிருப்பார்? என் கைவேலை நன்றாக இருக்கிறது என்பதைத்தானே? விட்டால் மறைத்தவன், வைத்தால் இன்னொருவர் அவமானத்தை அலங்காரமாக்கியவன்.

யோசித்துக்கொண்டே போனால் ஒன்றும் வைக்காமல் இருந்துவிடலாம். அதுதான் ரொம்ப வசதி. அந்த வசதி பிடிக்காமல்தான் நாலு ஓட்டை போட்டுக் குழாயைச் செருகினேன். துருவுக்கு மூன்று பழுப்பைக் கலந்த கை, கறைக்கு நிறம் கலக்க ஒரு வாரம் தள்ளிப்போட்டது. பிளாட்பாரப் பயணி ஒருவரின் கைப்பெட்டியை அறுத்தெடுத்துவிட்டு, பழைய பிரஷ் மயிரில் விளக்குமாறு செய்து ஒட்டினேன். அவரை எங்கேயும் நிறுத்தாமல் மேஜை ஓரத்தில் வைத்திருந்தேன்.

அண்ணன் மறுபடி வந்தார். பெட்டியைக் கவிழ்த்து, குழாயை விரலால் தடவிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் கீழ இறங்கணும்” என்றார். பிறகு அந்த ஆளைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

“ஒருத்தர மட்டும் லைன்ல இறக்காத தம்பி. வண்டி வந்தா சத்தம் கொடுக்க இன்னொரு ஆளு மேல நிக்கணும்.”

டப்பாவில் இன்னும் ஒன்பது பயணிகள் இருக்கிறார்கள். யாருடைய பெட்டியை அறுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.