வலிமை ஓர் அமானிதம்

அல்ஹம்து லில்லாஹ்! எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவன் தூதர் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

நான் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்த மட்டில் சொல்லுகிறேன். பிழையிருந்தால் பெரியோர்கள் திருத்துவார்களாக.

மனிதன் பலமில்லாமல் வருகிறான். நடுவிலே சிறிது காலம் பலம் பெறுகிறான். முடிவில் நரையோடு பலமிழந்து போகிறான். திருமறையின் ரூம் அத்தியாயத்தில் வரும் ஒரு வசனத்தின் கருத்து இது. அந்த நடுக் காலத்தைத்தான் நாம் நமக்கே சொந்தம் என்று எண்ணி ஏமாந்து போகிறோம். அது சொந்தமல்ல, அமானிதம். இதை நினைக்கும்போதெல்லாம் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியின் வாழ்வு எனக்கு நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவில் லூயிவில் நகரில் 1942-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் காஸியஸ் கிளே. பன்னிரண்டு வயதில் அவருடைய சைக்கிள் திருடு போயிற்று. திருடனை அடித்து நொறுக்குவேன் என்று கொதித்த பையனிடம், முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்றார் ஒரு போலீஸ்காரர். அங்கே தொடங்கிற்று. 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். 1964-இல் ஸோனி லிஸ்டனை வென்று உலகச் சாம்பியன். அதை ஒட்டித் தம் மார்க்கத்தையும் வெளிப்படையாக அறிவித்தார். அவர் முதலில் சேர்ந்த கூட்டத்தாரின் கொள்கைகளில் நம் வழிக்கு ஒவ்வாதவை உண்டு. ஆயினும் 1972-இல் ஹஜ்ஜு செய்தார். 1975-க்குப் பின் ஸுன்னத்து வல் ஜமாஅத்தின் நேர்வழிக்கு வந்து சேர்ந்தார்.

அதே 1975-இல், ஜூலை முதல் தேதி, நம் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் ஜோ பக்னரோடு பதினைந்து சுற்றுக்கள் நின்று வென்றார். அப்பொழுது கடைப் பையனாயிருந்த என் அத்தா, டிக்கெட்டுக்குக் காசில்லாமல் வெளியிலே நின்று ஆரவாரத்தை மட்டும் கேட்டதைக் கடைசி வரை சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

சகோதரர்களே! வியாபாரியின் கண்ணால் ஒன்றைப் பாருங்கள். 1967-இல் வியட்நாம் யுத்தத்துக்குப் பட்டாளத்தில் சேரச் சொன்னார்கள். என் மார்க்கம் இடந்தராது என்று மறுத்தார். பட்டத்தைப் பறித்தார்கள். ஐந்து வருஷச் சிறையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதித்தார்கள். அப்பீல் இருந்ததால் சிறைக்குப் போகவில்லை; ஆனால் மூன்றரை வருஷம் கோதாவில் இறங்க முடியவில்லை. இருபத்தைந்து வயதிலிருந்து இருபத்தெட்டு வரை! பெருநாள் சந்தையில் கடையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தது போல. 1971-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்துச் செய்தது; போன வருஷங்களை யாரும் திருப்பித் தரவில்லை. ஹராமான ஒரு பேரத்தை விட்டுவிட்டு நஷ்டமென்று புலம்பும் நாம் இதை யோசிக்க வேண்டாமா?

இத்தனை உறுதி படைத்தவரும் ஓரிடத்தில் வழுக்கி விழுந்தார். அது நாவில். தடைக் காலத்தில் அவருக்காகப் பரிந்து பேசியவர்களில் ஜோ ஃபிரேஸியரும் ஒருவர். பிறகு இருவரும் எதிரெதிரே நின்றபோது, டிக்கெட் விற்பதற்காக அலி அவரை மிருகத்தின் பேரிட்டு இழிவாகப் பேசினார். மணிலாவில் வாங்கிய அடியின் வீக்கம் வற்றிப் போயிற்று. அந்தச் சொல்லின் வேதனை ஃபிரேஸியருக்குப் பல்லாண்டு ஆறவில்லை. 2001-இல் அலி வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கோரினார். 2011-இல் ஃபிரேஸியர் இறந்தபோது, நோயுற்ற உடலோடு அவருடைய இறுதிச் சடங்குக்கும் போனார்.

எதிரியைத் தரையில் தள்ளுகிறவன் வீரனல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்குகிறவனே வீரன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். திவாலானவன் யார் என்பதையும் விளக்கியிருக்கிறார்கள். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாம் சுமந்து மஹ்ஷருக்கு வருவான். ஆனால் ஒருவனை ஏசியிருப்பான், ஒருவன் மேல் பழி சுமத்தியிருப்பான். அவன் நன்மைகளெல்லாம் அவர்களுக்குப் பங்காகிப் போய்விடும். வியாபாரிகளாகிய நமக்குத் திவால் என்ற சொல்லே போதுமே!

என் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லுகிறேன். எனக்கு அடுத்த கடைக்காரர் வயதில் மூத்தவர். காக்கா என்றே கூப்பிடுவேன். நான் கடை திறந்தபோது முதல் சரக்கைத் தம் பொறுப்பில் கடனாக எடுத்துத் தந்தவர். பின்னொரு நாள் அரிசி விலையில் எங்களுக்குத் தகராறு வந்தது. வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே, உங்கள் தராசு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பொய் என்று எனக்குத் தெரியும். என் கடையில் கூட்டம் கூடிற்று. இரண்டு வருஷத்தில் அவர் கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

போன ரமலானில் டெலிபோனில் பேசி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, “உம்மா சுகமா இருக்காங்களா, தம்பி?” என்று கேட்டார். மன்னித்தேன் என்ற சொல் இன்னும் வரவில்லை. நேரில் போய்க் கேட்க நிய்யத்து வைத்திருக்கிறேன். நான் பலர் முன்னிலையில் சொன்ன பொய்யைப் பலர் முன்னிலையிலேயே திருத்த வேண்டுமல்லவா? ஆகவே இங்கே எழுதுகிறேன்: அவர் தராசு நேரான தராசு. கோணலாயிருந்தது என் நாவு.

அலியின் பிற்காலத்தைக் கேளுங்கள். நிறுத்த வேண்டிய வேளையில் நிறுத்தாமல், 1980-இலும் 1981-இலும் சண்டையிட்டுத் தோற்றார். 1984-இல் பார்க்கின்ஸன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். வாய் ஓயாமல் பேசியவர் பேச்சுக் குறைந்தார். உலகத்தை வீழ்த்திய கை நடுங்கிற்று. அவர் ஒளிந்துகொள்ளவில்லை. 1990-இல் பக்தாது சென்று பேசிப் பிடிபட்டிருந்த பதினைந்து அமெரிக்கர்களை விடுவித்து வந்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையாலேயே தீபம் ஏற்றினார். ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு நட்சத்திரம் பதிக்க வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்களின் பெயர் மிதிபடக்கூடாது என்றார். அது 2002-இல் சுவரில் பதிக்கப்பட்டது. 2016 ஜூன் 3-ஆம் தேதி எழுபத்து நான்காவது வயதில் மௌத்தானார். பிறந்த ஊரிலேயே ஆயிரக்கணக்கானோர் கூடி ஜனாஸாத் தொழுதார்கள்.

சகோதரர்களே! கை நடுங்கும் நாள் நமக்கும் வரும். கல்லாச் சாவி பிள்ளைகள் கைக்குப் போகும். அதற்கு முன்பாக, பற்று வரவுப் புத்தகத்தைப் புரட்டுவது போல நாம் பேசிய சொற்களையும் ஒரு முறை புரட்டிப் பார்ப்போம். யாருக்குக் கடன்பட்டிருக்கிறோமோ, அவர் உயிரோடிருக்கும்போதே போய்த் தீர்ப்போம். காசுக் கடனை வாரிசு தீர்க்கலாம்; நாவின் கடனை நாமேதான் தீர்க்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பலத்தை நல்வழியில் செலவிடச் செய்வாயாக! மன்னிப்புக் கேட்கும் தைரியத்தையும், கேட்டவரை மன்னிக்கும் மனத்தையும் எங்களுக்குத் தருவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.