பின்தொடரும் அன்பும் முன்செல்பவனின் கடமையும்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் பாதை என்னும் நெடிய மலைப்பாதை உள்ளது. ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும் அது, 14 மாநிலங்களின் வழியே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்கிறது. முழுப் பாதையையும் ஒரே பயணத்தில் கடப்பவர்கள் சிலரே. மற்றவர்கள் விடுமுறை கிடைக்கும்போது சில நாட்கள் நடந்து, விட்ட இடத்திலிருந்து அடுத்த முறை தொடர்கிறார்கள். கூடாரத்தையும் உணவையும் முதுகில் சுமந்து செல்லும் இவர்களுள் சிலர் தங்கள் நாயையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு.

பார்ப்பதற்கு இது எளிய மகிழ்ச்சியே. ஆனால் இதனுள் ஓர் அறவியல் கேள்வி மறைந்துள்ளது. பயணம் போவதென்று முடிவு செய்தவன் மனிதன். நாய் மலையை நாடவில்லை. தன் தலைவனை நாடியது. அவன் போகுமிடமே அதற்குப் போகுமிடம். இந்த அன்பைச் சம்மதம் என்று கொள்ளலாமா?

நாய்க்கு மனிதனைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் மூச்சிரைப்பதன் மூலமே அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. கூரிய பாறைகளில் நாள்தோறும் நடந்தால் அதன் பாதத்தின் அடித்தோல் தேய்ந்து புண்ணாகும். மனிதன் களைத்தால் 'போதும்' என்பான். நாயோ வலியை மறைத்துக்கொண்டு, தலைவன் நடக்கும்வரை நடக்க முயலும். அதன் விசுவாசமே அதற்கு ஆபத்தாகிவிடுகிறது.

'நாய் துள்ளிக் குதித்துக்கொண்டுதானே புறப்படுகிறது? வீட்டில் கட்டிவைப்பதைவிட இது மேலல்லவா?' என்று கேட்கலாம். அந்த மகிழ்ச்சி உண்மையானதே. ஆனால் முதல் நாள் காலையின் உற்சாகம், மூன்றாம் நாள் நண்பகலின் வேதனைக்கு அனுமதி ஆகாது. ஆகவே, அழைத்துச் செல்லலாமா கூடாதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. யாருடைய வலிமையைக் கொண்டு நடையின் வேகமும் தொலைவும் அளக்கப்படுகின்றன என்பதே முக்கியம்.

1990-ஆம் ஆண்டு பில் இர்வின் என்ற பார்வையிழந்தவர், ஓரியன்ட் என்னும் வழிகாட்டி நாயுடன் இப்பாதை முழுவதையும் நடந்து முடித்தார். அவருக்கு நாய் கண்ணாக இருந்தது. ஆயினும் எங்கே நிற்பது, எப்போது ஓய்வது, எவ்வளவு தண்ணீர் வைத்திருப்பது என்பவற்றை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு மனிதனுடையதே. வழிகாட்டும் நாயிடமும் அந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிட முடியாது.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில், தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சொர்க்கம் புக யுதிஷ்டிரர் மறுக்கிறார். அடைக்கலம் புகுந்ததைக் கைவிடலாகாது என்பது அவரது தர்மம். அந்த நாய் தானாகவே வந்தது. மனிதன் தன் விருப்பத்திற்காக அழைத்து வந்த நாயிடம் அவனது கடன் இன்னும் பெரிதல்லவா? யுதிஷ்டிரர் சொர்க்கத்தையே விடத் துணிந்தார். இங்கே விட வேண்டியது ஒரு சிகரம், அல்லது இரண்டு நாள் பயணம் மட்டுமே. புண்பட்ட பாதத்தைக் கண்டதும் திரும்பிவிடுவதே இங்கு தர்மம்.

கட்டாடின் மலை அமைந்துள்ள பாக்ஸ்டர் பூங்காவிலும், கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் இப்பாதை செல்லும் பகுதியிலும் வளர்ப்பு நாய்களுக்கு அனுமதி இல்லை. பணி நாய்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. காட்டுயிர்களின் வாழ்வு குலையக் கூடாது என்பது இத்தகைய விதிகளின் நோக்கங்களுள் ஒன்று. அங்கே நாயை நம்பிக்கையானவர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வது கைவிடுதல் அன்று. வளர்ப்பு நாயைப் பணி நாய் என்று பொய் சொல்லி அழைத்துச் செல்வதுதான் தவறு. தன் நாயிடம் காட்டும் அன்பு, காட்டில் வாழும் மானை மறந்துவிடக் கூடாது.

கேள்வி கேட்காமல் பின்தொடர்பவர்கள் எல்லோருடைய வாழ்விலும் உண்டு: பெற்றோரைக் குழந்தை, ஆசிரியரை மாணவன், தலைவரைத் தொண்டன். அவர்களது மௌனத்தை இசைவாக எடுத்துக்கொள்வது எளிது. முன்னே நடப்பவன் அவ்வப்போது நின்று திரும்பி, பின்னே வருபவரின் பாதங்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் தன்மேல் வைத்த நம்பிக்கைக்கு அவன் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.