மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்காதீர்கள்!

குழாயைத் திறந்தால் சாக்கடை வாடை. தண்ணீர் பழுப்பாக வருகிறது. தெருவே முகம் சுளிக்கிறது. பிறகு தெருவே குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குள் போகிறது. "என்னங்க பண்றது, நம்ம ஏரியா தண்ணியே இப்படித்தான்!" எனக்குக் கோபமெல்லாம் இந்த ஒரு பேச்சின் மீதுதான். கிருமி கொதித்தால் செத்துவிடும். இந்தச் சலிப்பு அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று செழிப்பாக வளரும்.

உங்களால் ஒன்றும் செய்ய முடியாதா? யார் சொன்னது?

வங்கதேசத்தின் மத்லப் பகுதிப் பெண்களிடம் எந்த இயந்திரமும் இல்லை. குளத்து நீரும் ஆற்று நீரும்தான் குடிநீர். காலரா வந்து வந்து போனது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் காலராக் கிருமி ஒட்டிக்கொண்டு வருவதை அறிந்த விஞ்ஞானி ரீட்டா கோல்வெல்லின் குழு, பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குடத்தின் வாயில் போட்டு வடிகட்டச் சொன்னது. 2003இல் முடிவு வெளியானது: காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது! அதற்குப் புதுச் சேலைகூடத் தேவைப்படவில்லை. துவைத்துத் துவைத்து நைந்த துணியில்தான் துளைகள் சிறுத்திருக்கும். அந்த ஆயுதம் இப்போதே உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. வடிகட்டுவது பாதி வேலை. மீதியை அடுப்பு பார்த்துக்கொள்ளும்.

எதிரி எப்படி உள்ளே வருகிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதி பயம் ஓடிவிடும். நம் ஊர்க் குழாய்களில் நாள் முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை. நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் விழுகிறது. பக்கத்தில் கசியும் சாக்கடையைக் குழாயின் விரிசல்கள் உள்ளே இழுக்கின்றன. மெயின் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். (அந்தப் புண்ணியவான் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.) ஆகவே தண்ணீர் திறந்ததும் முதலில் வருவதைக் குடத்தில் பிடிக்காதீர்கள், அது கழிவறைக்குப் போகட்டும்.

பாட்டி தேத்தாங்கொட்டை இழைத்தாள், அம்மா படிகாரம் போட்டாள். இரண்டும் கலங்கலைத் தெளிய வைக்கும். ஆனால் தெளிந்த நீரில் டைபாய்டு கிருமி நிம்மதியாக நீந்தும். வெதுவெதுப்பானதும் அடுப்பை அணைத்துவிட்டு "காய்ச்சின தண்ணி" என்று பெருமைப்படுவதில் பயனில்லை. தளதளவென்று கொப்பளிக்கட்டும், அதன்பின் ஒரு முழு நிமிடம் விடுங்கள். கேஸ் விலை பயமுறுத்துகிறதா? குளோரின் மாத்திரை இருக்கிறது. உறையில் எழுதியிருக்கும் அளவுக்குப் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். அதுவும் கிடைக்கவில்லையா? தெளிந்த நீரை நிறமில்லாத பெட் பாட்டிலில் நிரப்பிச் சுள்ளென்ற வெயிலில் ஆறு மணி நேரம் வையுங்கள். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள். வெயிலுக்கா நமக்குப் பஞ்சம்!

இவ்வளவும் செய்துவிட்டு, காய்ச்சிய பானைக்குள் சொம்போடு கையையும் விட்டு மொள்வார்கள் பாருங்கள், அங்கேதான் நான் தலையில் அடித்துக்கொள்வேன். குழாய் வைத்த பானை வாங்குங்கள், அல்லது நீளக் கைப்பிடிக் கரண்டி போடுங்கள். மூடி வையுங்கள். ஆர்.ஓ. மெஷின் இல்லையே என்று ஏங்காதீர்கள்; கைகழுவாத வீட்டில் அந்த மெஷினும் தோற்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் வீரம் காட்டாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து போர்வெல் நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லைக் கறையாக்கி எலும்பை வளைக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். நைட்ரேட்டும் ஈயமும் அப்படியே. கண்ணும் நாக்கும் இவற்றைக் கண்டுபிடிக்காது, சோதனைதான் சொல்லும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. ஒரு பாட்டில் தண்ணீரோடு படியேறுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரவேண்டும் என்று வழிகாட்டுதலே இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார்? தெரியவில்லை என்றால் அந்த ஐவரில் ஒருவராக நீங்களே போய் நில்லுங்கள்!

"நான் படிக்காதவள், நான் சொன்னால் யார் கேட்பார்கள்" என்கிறீர்களா? அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கக் குடிநீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் நீரில் கரைந்தது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் சாதித்தார்கள். லீஆன் வால்டர்ஸ் நான்கு பிள்ளைகளின் தாய், விஞ்ஞானி இல்லை. அவர் வீட்டு நீரில் ஈயம் லிட்டருக்கு 104 மைக்ரோகிராம், பிறகு 397. அப்போது அங்கே நடவடிக்கை எடுக்கவேண்டிய வரம்பு 15தான். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. குழாய் ஆவணங்களைப் படித்தார், வெர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸைத் தேடிப் பிடித்தார், ஊர் மக்களோடு வீடு வீடாக மாதிரி சேகரித்தார். 2015 அக்டோபரில் நகரம் பழைய குடிநீருக்கே திரும்பியது.

உங்கள் தெருவிலும் அதைத் தொடங்கலாம். நாற்றமடிக்கும் நாளையும் நேரத்தையும் நோட்டில் குறியுங்கள். எந்தெந்த வீட்டில் வயிற்றுப்போக்கு என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். பத்து வீட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நகரமென்றால் வார்டு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வெறும் "பார்க்கிறோம்மா"வோடு திரும்பாதீர்கள். கிராமமென்றால் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று, கிராம சபை கூடும். எழுந்து நின்று கேளுங்கள்: மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி என்ன? குளோரின் கலந்த பதிவேடு எங்கே? கடைக்கோடி வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சுகிறதா, யார் சோதித்தார்கள்? பதில் வந்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை உட்காராதீர்கள்.